உங்களுக்குத் தெரியுமா? தரையில் சொட்டாமலும் பிரேக் ஆயில் கசியும்!
பழைய காரில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. தரையிலோ ஒரு சொட்டுகூட இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்திருந்தால், ஆயில் வெளியே வராமல் பிரேக் பூஸ்டருக்குள் இறங்கிவிடும். சிலிண்டரைக் கழற்றி முன்னே இழுத்தால்தான் ஈரம் தெரியும். மாருதி 800 போன்ற வண்டிகளில் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரையும் பாருங்கள். அது கசிந்தால் டயரின் உள்பக்கம் நனைந்திருக்கும். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மாட்டக்கூடாது, மாற்றியே ஆகவேண்டும்.

கசிவது இன்ஜின் ஆயிலோ என்று சந்தேகமா? கொஞ்சம் தண்ணீரில் விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கரைந்துவிடும். பெயிண்டையும் அது அரிக்கும், பட்டால் உடனே கழுவுங்கள். அழுத்திப் பிடித்த பெடல் மெல்லக் கீழே இறங்குகிறதா? வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.