மேல்பாதி கோயில் பூட்டும் ஜெருசலேம் தேவாலயச் சாவியும்: சாமி பெயரில் சண்டை… சாமி பெயரில் சமாதானம் வருமா?

2025 ஏப்ரல் 17 காலை. விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் கதவு பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. பலத்த போலீஸ் பாதுகாப்புக்கு நடுவே பட்டியல் சமூக மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள். அந்தக் கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். 22 மாதங்களாக அந்த வாசலில் ஊர்க்காரர்கள் யாருமே நுழைய முடியவில்லை.

விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் தினமும் போய் வருகிற கண்டமங்கலம், வளவனூர் பக்கத்து மக்களுக்கு இந்தக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 2023 ஏப்ரல் 7 அன்று, திருவிழா நேரத்தில் பட்டியல் சமூக இளைஞர்கள் கோயிலுக்குள் போனார்கள். அவர்கள் தாக்கப்பட்டார்கள். வழக்கு, மறியல், போராட்டம் என்று ஊர் இரண்டானது. அதிகாரிகள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பலமுறை பேசினார்கள். எதுவும் நடக்கவில்லை. ‘இது எங்கள் சமூகத்தின் கோயில்’ என்றது ஒரு தரப்பு. ‘அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொதுக்கோயில்’ என்றது அரசு. கடைசியில் 2023 ஜூன் 7 அன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவின்கீழ் கோயிலுக்கு சீல் வைத்தார் கோட்டாட்சியர். இது நிலத் தகராறால் பொது அமைதி கெடும் என்றால் அப்போது பயன்படுத்தப்பட்டுவந்த பிரிவு. அம்மன் குடியிருக்கும் இடமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு தகராறு நிலம்தான்!

2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தினசரி பூஜைக்காக மட்டும் கோயிலைத் திறக்கச் சொன்னது. மார்ச் 22 அன்று பூசாரி உள்ளே போய் விளக்கேற்றினார். பக்தர்களுக்கு அனுமதி கிடையாது. எல்லோருக்கும் கதவு திறக்க இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

இந்த 22 மாத காலத்தில்தான் உலகத்தின் இன்னொரு மூலையிலும் புனித இடத்தின் பெயர் ரத்தத்தோடு சேர்ந்து ஒலித்தது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதற்கு ஹமாஸ் வைத்த பெயர், ‘அல்-அக்ஸா வெள்ளம்’. அல்-அக்ஸா என்பது ஜெருசலேமில் உள்ள மசூதி. அது அமைந்திருக்கும் மேடு யூதர்களுக்கும் மிகப் புனிதமானது; அவர்களின் பழைய ஆலயம் இருந்த இடம். அதன் பிறகு காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனியர்கள் இறந்தார்கள்.

மேல்பாதியையும் ஜெருசலேமையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே இரண்டு தேசங்கள், ஆக்கிரமிப்பு, அகதிகள், ராக்கெட், குண்டு. இங்கே ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே அம்மன். இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியம். மேல்பாதியில் ‘இரு தரப்பு மோதல்’ என்ற சொல்லே பாதி உண்மைதான். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவும், 1947-ல் வந்த சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டமும் யார் பக்கம் நிற்கின்றன என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் ஒரு கேள்வி இரண்டு இடங்களிலும் பொதுவாக நிற்கிறது. சாமியை வைத்து வந்த சண்டையை சாமியை வைத்தே தீர்க்க முடியுமா?

சாவி யாரிடம்?

ஜெருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டு அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் இடத்தில் இருக்கிறது திருக்கல்லறை தேவாலயம். ஆறு கிறிஸ்தவப் பிரிவுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. எந்தப் பிரிவு எந்த மூலையில், எந்த நேரத்தில் வழிபடலாம் என்பதற்கு ஒட்டோமான் துருக்கியர் காலத்து ஏற்பாடுதான் இன்றும் அடிப்படை. 1852-ல் சுல்தான் போட்ட உத்தரவு அதை உறுதி செய்தது. ‘இப்போது இருப்பது அப்படியே இருக்கட்டும்’ என்பதுதான் அதன் சாரம். முகப்பு ஜன்னலுக்குக் கீழே ஒரு சாதாரண மர ஏணி பல தலைமுறைகளாக நிற்கிறது. யார் எடுப்பது என்று ஒத்துப்போக முடியாததால் யாரும் எடுப்பதில்லை.

2002-ல் அந்தத் தேவாலயத்தின் கூரையில் ஒரு காப்டிக் துறவி வெயில் தாங்காமல் தன் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியத் துறவிகள் அதை ஆக்கிரமிப்பாகப் பார்த்தார்கள். கைகலப்பில் 11 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் ஊர் முதல் மரியாதைச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்காது.

அந்தத் தேவாலயத்தின் சாவி எந்தக் கிறிஸ்தவப் பிரிவிடமும் இல்லை. ஜூதே என்ற முஸ்லிம் குடும்பம் சாவியை வைத்திருக்கிறது. நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறக்கிறது. பல நூற்றாண்டுகளாக அதிகாலையில் இப்படித்தான் அந்தக் கதவு திறக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஹெப்ரான். யூதர்களும் முஸ்லிம்களும் தங்கள் முன்னோராகக் கருதும் ஆபிரகாம் அடக்கமான இடமாக நம்பப்படுவது அங்குள்ள இப்ராஹிமி மசூதி வளாகம். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாதத் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றார். அதன் பிறகு வளாகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் மசூதி, ஒரு பக்கம் யூத ஆலயம், நடுவில் ராணுவம். ஆண்டில் 10 நாள் ஒரு தரப்புக்கு முழுவதும், 10 நாள் மறு தரப்புக்கு முழுவதும். ஒரே தாத்தாவின் கல்லறைக்கு இரண்டு வாசல்!

மதத்தை ஒதுக்கி வைத்துப் பேசினால்?

1993-ல் ஓஸ்லோ ஒப்பந்தம் போட்டவர்கள் பெரும்பாலும் மதச்சார்பற்ற அரசியல்வாதிகள். ஜெருசலேம் விவகாரத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். ஆனால், மதம் காத்திருக்கவில்லை. ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட இஸ்ரேல் பிரதமர் இட்ஸாக் ரபீனை 1995 நவம்பர் 4 அன்று சுட்டுக் கொன்றவர் ஒரு மதத் தீவிரவாத யூத இளைஞர். ஒப்பந்தத்தைக் குலைக்க பஸ்களில் வெடித்தவர்களும் கடவுளின் பெயரைத்தான் சொன்னார்கள்.

அதனால், மதத்தலைவர்களையும் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். 2002 ஜனவரியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் யூத, முஸ்லிம், கிறிஸ்தவத் தலைவர்கள் கூடி, கடவுள் பெயரால் அப்பாவிகளைக் கொல்வது கடவுளையே அவமதிப்பது என்று பிரகடனம் வெளியிட்டார்கள். அப்போது இரண்டாவது இன்டிஃபாடா உச்சத்தில் இருந்தது. பிரகடனத்தால் கொலைகள் நிற்கவில்லை.

இன்னொருவர், மெனாகெம் ஃப்ரோமன். மேற்குக்கரையில் யூதக் குடியேற்றத்தில் வாழ்ந்த ரபி. அதாவது, பாலஸ்தீனியர்கள் எதிர்க்கும் குடியேற்றத்திலேயே இருந்தவர். ஆனாலும் ஹமாஸைத் தொடங்கிய ஷேக் அகமது யாசினை நேரில் சந்தித்துப் பேசினார். இந்த நிலம் நமக்குச் சொந்தமல்ல, நாம்தான் இந்த நிலத்துக்குச் சொந்தம் என்பது அவர் பேச்சின் அடிப்படை. 2013-ல் இறக்கும்வரை அவரைத் தன் பக்கத்து ஆட்களே சந்தேகமாகப் பார்த்தார்கள். நடுவில் நிற்பவருக்கு எந்த ஊரிலும் இதே கதிதான்.

திரௌபதி வாசலில் ஒரு ராவுத்தர்

விழுப்புரம் மாவட்டம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்வீடு. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரியைத்தான் அதன் மூலத்தலமாகப் பக்தர்கள் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இங்கே ஊர் ஊராகத் திரிந்து, இந்த வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய புத்தகங்களை வெளியிட்டார்.

அவரை வியக்க வைத்த ஒருவர், முத்தால ராவுத்தர். இந்தப் பகுதியின் பல திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் தெய்வமாக நிற்கும் முஸ்லிம் வீரர். குதிரையில் வருகிற ராவுத்தர், அம்மனுக்குக் காவலாளியாகிவிட்டார். பாண்டவர் மனைவியின் கோயில் வாசலை ஒரு முஸ்லிம் காக்கிறார் என்பதில் இந்த ஊர்களில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. வேறு மதத்துக்காரருக்கு வாசலில் இடம் கொடுத்த அதே வழிபாடு, பக்கத்துத் தெருக்காரரை எப்படி வாசலிலேயே நிறுத்துகிறது? இதற்கு சாஸ்திரத்தில் பதில் கிடைக்காது. நிலம், கூலி, அதிகாரம் என்று வேறு இடங்களில்தான் தேட வேண்டும். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கலவரம் கோயிலில் தொடங்கவில்லை, கடைவீதியில் தொடங்கியது.

இந்தக் கோயில்களின் திருவிழாவே ஒரு சமாதானப் பேச்சு தோற்ற கதைதான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. ‘கிருஷ்ணன் தூது’ அன்று கூட்டம் நிரம்பி வழியும். பாதி ராஜ்யம், அது இல்லையென்றால் ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு என்று கண்ணன் இறங்கி வந்துகொண்டே இருப்பார். துரியோதனன் மறுத்துக்கொண்டே இருப்பான். பதினெட்டாம் போர் நாளில் துரியோதனனை மண்ணால் பிரமாண்டமாகச் செய்து, படுகளத்தில் அவன் தொடையைப் பிளப்பார்கள். அம்மன் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

சில ஊர்ப் படுகளங்களில் அப்போது காந்தாரி வேடம் கட்டியவர் வந்து, செத்துக் கிடக்கும் மகனுக்காக ஒப்பாரி வைப்பார். காலையிலிருந்து துரியோதனனைத் திட்டித் தீர்த்த பெண்கள் அந்த ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எதிரியின் அம்மாவுக்காக அழுவது இந்தச் சடங்கிலேயே இருக்கிறது.

இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் பிள்ளைகளை, உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து 1995 முதல் ‘பெற்றோர் வட்டம்’ என்ற அமைப்பை நடத்துகின்றன. அதில் ஒருவர் ராமி எல்ஹனான். 1997-ல் ஜெருசலேமில் நடந்த தற்கொலைப்படைத் தாக்குதலில் 13 வயது மகள் ஸ்மதாரை இழந்த இஸ்ரேலியர். இன்னொருவர் பாலஸ்தீனியரான பஸ்ஸாம் அராமின். 2007-ல் இஸ்ரேலிய எல்லைக் காவல்படையின் ரப்பர் குண்டு பட்டு அவருடைய மகள் அபீர் இறந்தபோது அவளுக்கு வயது 10. இருவரும் ஒன்றாகப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள். அவர்கள் கேட்பது ராஜ்யமும் இல்லை, ஐந்து ஊரும் இல்லை. அடுத்த பிள்ளை சாகக் கூடாது என்பது மட்டுமே.

கதவு திறந்தாச்சு… அப்புறம்?

மேல்பாதியில் இன்று சீல் இல்லை. நீதிமன்றமும் காவல்துறையும் செய்ய முடிந்தது அதுவரைதான். கோயிலுக்குள் நுழைவது ஒன்று. கோயிலில் பங்கு என்பது வேறு. பல ஊர்களில் பட்டியல் சமூக மக்களை விலக்கி வைப்பது கதவில் தொடங்குவதில்லை, வரியில் தொடங்குகிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கும்போது அவர்கள் தெருவுக்கு மட்டும் வர மாட்டார்கள். வரி கொடுக்காதவர்களுக்கு உரிமையும் இல்லை என்பது அடுத்த வாதம்.

எனவே ஊரும் அந்தத் தெருவும் சேர்ந்து ஒரு திருவிழா நடத்துவதென்றால், உட்கார்ந்து பேச வேண்டிய பட்டியல் நீளமானது. வரியை எல்லோரிடமும் வாங்குவார்களா? காப்பு கட்டிக்கொண்டு தீ மிதிப்பவர்கள் வரிசையில் யார் யார்? அக்னிக் குண்டத்துக்கு விறகு யார் கொடுப்பது? தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவுக்குள் நுழையும்? ‘கிருஷ்ணன் தூது’ கூத்து அன்று இரவு, யார் எந்தப் பாயில் உட்காருவார்கள்?