சில்லுகளின்மேல் ஓர் இல்லம்

இலண்டனில் வாழும் என் தங்கை குடும்பத்தார் 2022ஆம் ஆண்டில் ஒரு ‘கரவன்’ வாங்கினர். காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீடே கரவன். செய்தி கிட்டிய அன்றே அவளுக்கு ஒரு கடிதம் வரைந்தேன். “ஊரிலே நம் தாய்வீடு கூரையின்றி நிற்க, நீவிர் சில்லுப் பூட்டிய வீடொன்று வாங்கினீர் எனக் கேட்டு மகிழ்ந்தேன்” என்பது அதன் முதல் வாக்கியம். மகிழ்ந்தேன் என்பதை எப்பொருளில் எழுதினேன் என்பது அவளுக்கு விளங்காமற் போகவில்லை. மறுமொழி வரவில்லை.

ஈராண்டு கழித்து, 2024 ஆடியில், விடுமுறைக்கு அங்குச் சென்றபோது அதே கரவனில் ஆறு இரவுகள் துயில நேர்ந்தது.

நிற்க. கரவன் என்னும் சொல் பாரசீகத்தினின்று ஐரோப்பா சென்றது. பாலைவழியே திரளாய்ச் செல்லும் வணிகரை அது குறித்தது. அத்தகைய திரளை நம் முன்னோர் சாத்து என்றனர். கோவலன் தந்தை மாசாத்துவான் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. பெருங்கூட்டத்துக்கு உரிய சொல் ஒரு குடும்பம் அடங்கும் பெட்டிக்குப் பெயராய்ச் சுருங்கியமை வியப்பே. இங்கிலாந்தில் உரோமானி மக்கள் குதிரை பூட்டிய வண்டிவீடுகளில் வாழ்ந்தனர். அதனை இன்பச் செலவுக்கு ஆக்கியவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர். சிறுவர்க்குக் கதை எழுதியவர். 1885இல் பிறிஸ்ரலில் ‘வோண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்து, இரு குதிரைகள் இழுக்க ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ்வரை சென்றார். கரவன் கழகம் 1907இல் அமைந்தது. முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1919 முதல், பேர்மிங்காமில் எக்கிள்ஸ் நிறுவனத்தார் கார் இழுக்கும் கரவன்களைச் செய்யலாயினர்.

தங்கையின் கரவனில் அறுவர் துயிலலாம். பின்கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு அடுக்குக் கட்டில்கள். அவை மூத்த பிள்ளைகள் இருவருக்கும் உரியன. நடுவே உண்ணும் மேசை. இரவில் அதனைத் தாழ்த்தி மெத்தையிட்டால் எனக்குக் கட்டில். அதன்மேல் சுவரிலிருந்து மடித்து இறக்கும் இன்னொரு தட்டில் எட்டு வயதுக் கடைக்குட்டி. முன்புற இருக்கைகள் இரண்டும் சேர்ந்து பெற்றோர்க்குப் படுக்கையாகும். பகலில் இவற்றுட் பாதி மறைந்துவிடும். ஒரே இடம் உணவறையாயும் பள்ளியறையாயும் மாறுவதைக் கண்டு, வகுப்பறையையே விழாமண்டபமாக்கும் எங்கள் கல்லூரியை நினைத்துக்கொண்டேன்.

புறப்படுமுன் மைத்துனர் ஒரு மணிநேரம் பாரம் பார்த்தார். கனமான பொருள் யாவும் அச்சின்மேல், தரையோடு இருத்தல்வேண்டும். பின்னே பாரம் மிகுந்தால் ஓட்டத்தில் கரவன் பாம்புபோல் நெளியும். நெளிவு மிகின் காரையும் கவிழ்த்துவிடும். முன்னே பாரம் மிகுந்தாலோ கொளுக்கி தாங்காது. தங்கையின் பத்துக் கிலோ அரிசி அச்சின்மேல் வைக்கப்பட்டது. நான் மேலலுமாரியில் வைத்த நூல்களையும் அவர் பணிவோடு இறக்கினார். “அண்ணை, குறை நினையாதேங்கோ, உங்கடை புத்தகம் அரிசியிலும் பாரம்” என்றார். ஏற்றிய கரவனின் நிறை, இழுக்கும் காரின் நிறையில் நூற்றுக்கு 85க்கு மேற்படாதிருத்தல் நன்றென்பது அங்கு வழங்கும் விதி. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலுக்கு மேற்படலாகாது. மூன்று நிரைச் சாலையின் வலக்கோடி நிரையில் ஏறவும் ஆகாது. ஓடும்போது கரவனுள் ஒருவரும் இருப்பதில்லை. அறுவரும் காரில் அமர்ந்து, எம்4 நெடுஞ்சாலை வழியே வேல்சின் மேற்குக்கோடியிலுள்ள பெம்புரோக்சயர் கடற்கரையை மாலையில் அடைந்தோம்.

அங்கே ஒவ்வொருவர்க்கும் ஒரு தொழில் இருந்தது. நாற்பது லீற்றர் நீர் கொள்ளும் உருளைப் பீப்பாயைக் குழாயடியிலிருந்து உருட்டி வருவது மூத்தவன் பணி. மலத்தொட்டியைக் கழற்றிச் சென்று அதற்குரிய இடத்தில் ஊற்றிக் கழுவுவதை மைத்துனர் நாள்தோறும் தாமே செய்தார். அவர் ஒரு பொறியியலாளர். எங்கள் ஊரில் இத்தொழிலை யார் தலையில் வைத்திருந்தோம் என்பது வாசகர் அறிந்ததே. நான்காம் நாள் நான் அதனை எடுத்துச் சென்றேன். அவர் தடுத்தார்; நான் விடவில்லை. முதல்முறை மூச்சை அடக்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஐந்தாம் இரவு பெருமழை. மெல்லிய கூரையில் அது விழும் ஓசை, மாட்டுவண்டிலில் கிடந்து வல்லிபுரத்துக்குத் தீர்த்தம் காணச் சென்ற என் சிறுபராயத்தை நினைவூட்டிற்று. பிள்ளைகளின் மூச்சு பின்னிருந்து கேட்டது. மேல்தட்டில் சிறியவன் புரள்வதும் கேட்டது. அப்போது முன்பக்கத்திலிருந்து தங்கை மெல்ல அழைத்தாள்.

“அண்ணை, முழிப்போ? இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியிலை அந்தப் பள்ளிக்கூடத்திலை படுத்தது ஞாபகமிருக்கோ?”

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுதும் வீதியில் இறங்கியது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

“வாங்குகளை ஒதுக்கிப்போட்டு எல்லாரும் ஒண்டாக் கிடந்தம். பயம்தான். ஆனா அம்மான்ரை மூச்சு, உங்கடை மூச்சு, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கை வீட்டிலை இவையளுக்கு ஆளுக்கொரு அறை. கதவைச் சாத்தினா ஆர் முழிப்பு, ஆர் நித்திரை எண்டு எனக்குத் தெரியாது.”

“ஓம் பிள்ளை” என்றதன்றி வேறொன்றும் சொல்ல எனக்கு வரவில்லை.

சிறிது பொறுத்து, “உங்கடை கடிதம் கிடைச்சது” என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை.

கணக்கென்று பார்த்தால் நான் எழுதியதில் முற்றும் பிழையில்லை. ஆண்டில் ஐந்தாறு வாரமே உதவும் பொருளுக்குக் காவலுள்ள வளவில் இடவாடகை, காப்புறுதி, ஆண்டுப் பராமரிப்பு என்று செலவு ஓய்வதில்லை. யாவற்றினும் கொடிய பகை ஈரம். பொருத்துகளில் ஒரு மயிரிழை விலகினாலும் நீர் புகுந்து சட்டத்தை உள்ளிருந்தே உக்கவைத்துவிடும். மழை விட்ட காலையில் மைத்துனர் மூலைமூலையாய்ச் சுவரைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். நான் அவர் பின்னே சென்றேன். ஊரில் நம் வீட்டின் வளைகளை அப்படித் தட்டிப் பார்த்து எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணி எனக்கு நாணம் உண்டாயிற்று. கூரையைப் பற்றி அவளுக்கு எழுதினேனேயன்றி, அடியில் வாழும் நான் அதன் மரத்தைத் தொட்டும் பார்த்தவனல்லேன்.

மூத்தவனுக்குப் பதினைந்து நிரம்பிவிட்டது. கால்கள் கட்டிலுக்கு வெளியே நீளுகின்றன. இனி அவன் முன்றிற் கூடாரத்திலே படுப்பானாம், கரவனை விற்பதாயில்லை. ஊர் திரும்பியபின் தச்சரை அழைத்துவந்து வீட்டைக் காட்டினேன். முகட்டு வளை தேறுமாம். கைமரங்கள் புதிதாய்ப் போடவேண்டும். விலைச்சிட்டையைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். இம்முறை கடிதத்தில் வேறொன்றும் எழுதவில்லை.