கிறிஸ்துமஸ் தாத்தாவின் கடன் கணக்கு

டிசம்பர் பிறந்து விட்டால் குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு விருந்தாளியைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகி விடுகிறது. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, பெரிய தொந்தி. ஆமாம், கிறிஸ்துமஸ் தாத்தாதான்! இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு வருவார். தொங்க விட்டிருக்கும் காலுறைக்குள் பரிசுகளைப் போட்டு விட்டு ஓசைப்படாமல் போய் விடுவார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பரிசுகளுக்குக் கடைக்காரர் போடும் பில் மட்டும் தாத்தாவின் விலாசத்துக்குப் போவதில்லை. அது அப்பாவின் சம்பளத்திலும், அம்மா அஞ்சறைப் பெட்டியில் முடிந்து வைத்த பணத்திலும் வந்து விழுகிறது. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

"இதெல்லாம் மேல்நாட்டார் வீட்டுச் சங்கதி, நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பெரிய பட்டணங்களைத் தாண்டி, மலையடிவாரத்துச் சிற்றூர்களுக்கும் தாத்தா வந்து விட்டார். அப்படி ஓர் ஊரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன், வாருங்கள்.

மலைமேல் சம்பாத்தியம்

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதற்குப் பக்கத்து ஊர். நீங்கள் தேவாரத்துக்குப் போயிருக்க மாட்டீர்கள். ஆனாலும் அந்த ஊர்ப் பெண்களின் கை உழைப்பு உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்திருக்கக் கூடும். பாயசத்திலும், கேசரியிலும், கிறிஸ்துமஸ் கேக்கிலும் கமகமவென்று மணக்கிறதே ஏலக்காய், அதில் பெரும் பகுதி விளைவது இந்த ஊருக்கு மேற்கே தெரியும் மலைகளில்தான். மலையின் அந்தப் பக்கம் கேரளத்து இடுக்கி மாவட்டம், தோட்டங்கள் அங்கே. வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பலர் இந்தப் பக்கத்துத் தமிழர்கள். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வருகிறார்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுவதற்குள் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்!

ஏலக்காய் பறிப்பது சுலபமான வேலை அல்ல. காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையை ஒட்டி ஓடும் சரங்களில் காய்க்கிறது. குனிந்து, இலையை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மாதம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அதே செடிக்கு வந்து குனிய வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். போடியிலும், மலைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலம் நடக்கிறது. அங்கே விலை ஊஞ்சலாடும். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் அதை அடுத்து வந்த வறட்சியிலும் செடிகள் பாழாயின. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. 2021-இல் அதே ஏலக்காய் ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கி விட்டது.

விலை ஏறினால் காய் பறிக்கும் பெண்ணின் கூலி மறுநாளே ஏறி விடாது. விலை இறங்கினாலோ, மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டாலோ, அவளுக்குத்தான் முதலில் வேலை நாள் குறையும். பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்கள் முடிந்து வேலை தளரத் தொடங்கும் சமயத்தில்தான் கிறிஸ்துமஸ் வந்து நிற்கிறது!

நீண்டு கொண்டே போகும் பட்டியல்

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் நிறைய வாழும் ஊர்கள் உண்டு. தேவாரத்தை அடுத்த சிந்தலைச்சேரி, கம்பம் பக்கத்து இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி ஆகியவற்றைச் சொல்லலாம். பழைய நாளில் இங்கேயெல்லாம் பண்டிகைச் செலவு என்பது எண்ணிக் கை விரலில் அடங்கி விடும். பிள்ளைக்குப் புதுத் துணி, அதிரசம், முறுக்கு, வீட்டு வாசலில் மூங்கில் கப்பில் காகிதம் ஒட்டிய நட்சத்திரம், மூலையில் வைக்கோல் பரப்பிய ஒரு குடில். முடிந்தது.

இப்போது பட்டியலைப் படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு துணி. புது வருஷப் பிறப்பு ஆராதனைக்கு வேறொரு துணி. மின்சார விளக்கு வைத்த நட்சத்திரம். அச்சுமுறுக்கு போதாதென்று பேக்கரி கேக். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விழா. பிள்ளைக்குத் தாத்தா வேஷம் போட வேண்டுமென்றால் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும். வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் வந்த பிள்ளைக்கு ஒரு பரிசு. இத்தனைக்கும் பிறகு காலுறைக்குள் போட வேண்டிய சாமான்கள்.

கிறிஸ்தவர் வீடுகளில் மட்டுமா இது? வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதனுக்குத் தாத்தா வந்தால், நம் பிள்ளைக்கும் வந்தாக வேண்டும். "அம்மா, அவன் வீட்டுக்கு வந்த தாத்தா ரிமோட் கார் கொடுத்தாராம். நம் வீட்டுக்கு வருகிற தாத்தா ஏன் வெறும் பென்சில் கொடுத்தார்? நான் கெட்ட பையனா?" என்று ஒரு குழந்தை கேட்டால், எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பொம்மையை அப்பா வாங்கிக் கொடுத்தார் என்றால், அப்பாவின் வருமானம் இவ்வளவுதான் என்று குழந்தை புரிந்து கொள்ளும். தாத்தாவுக்கு வருமானம் ஏது, வரம்பு ஏது? அவர் ஒரு வீட்டுக்கு அதிகமும் மறு வீட்டுக்குக் குறைவும் கொடுத்தால், குறை தன்னிடம் இருப்பதாகத்தான் பிஞ்சு மனம் எண்ணிக் கொள்ளும். ஆகவே விலை உயர்ந்த பொருளை அப்பா அம்மா பெயரிலேயே கொடுங்கள். தாத்தா கொண்டு வருவது எப்போதும் சின்னதாகவே இருக்கட்டும். வகுப்பில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கும் அது நல்லது.

காலுறை எப்படி வந்தது?

தாத்தாவின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போமா? இப்போது துருக்கி என்று அழைக்கப்படும் தேசத்தில், மீரா என்ற ஊரில், நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மேற்றிராணியார் நிக்கலஸ். அவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லுவார்கள். ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லாமல் அவர்களுடைய வாழ்வே சீரழியும் நிலைமை. நிக்கலஸ் இரவு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து, அந்த வீட்டுக்குள் பொன் முடிப்பை எறிந்து விட்டுப் போனாராம். அது அடுப்பங்கரையில் உலரப் போட்டிருந்த காலுறைக்குள் போய் விழுந்ததாம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை!

பிற்காலத்தில் கதை கடல் கடந்து போயிற்று. டச்சுக் குழந்தைகள் காலணியை வைத்து விட்டுக் காத்திருந்தார்கள். 1823-இல் அமெரிக்காவில் டிராய் என்னும் ஊர்ப் பத்திரிகையில் வெளியான ஒரு பாட்டு, கணப்பருகே காலுறை தொங்க விடும் வழக்கத்தை வீட்டுக்கு வீடு பரப்பியது. காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் போடுவது அங்கே பழைய வழக்கம். பனிக் காலத்தில் அந்தக் குளிர் தேசங்களில் ஆரஞ்சு கிடைப்பதே அபூர்வம். அதனால் குழந்தைக்கு அது பெரிய பாக்கியம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த வீட்டுக்கு எது அவசியமோ அதுதான் விழுந்தது. கொடுத்தவர் தம் பெயரைச் சொல்லிக் கொள்ளவில்லை. இன்று பரிசைப் பிரிப்பதற்கு முன்பே அதன் படம் கைப்பேசியில் பத்து வீடுகளுக்குப் போய் விடுகிறது! இரண்டாவது, காலுறை என்பது ஓர் அளவு. நாம் அரிசிக்குப் படி வைத்திருப்பது போல. ஒரு குழந்தையின் பாதம் எவ்வளவோ அவ்வளவுதான் அதற்குள் கொள்ளும். இப்போதோ காலுறை சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. சாமான்கள் அதற்குக் கீழே தரையில் மலையாகக் குவிகின்றன. படியைத் தூக்கி எறிந்து விட்டு அளந்தால் மூட்டை எப்படிக் காணும்?

அடுத்த டிசம்பர் வரை வட்டி

கையில் உள்ள பணத்தைச் செலவழித்தால் அத்தோடு போயிற்று. கடன் வாங்கிக் கொண்டாடினால் என்ன ஆகும்? சேர்ந்து கணக்குப் போடலாம்.

இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு தாய் 5,000 ரூபாய் கடன் வாங்குகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. மாதம் 150 ரூபாய், வருஷத்துக்கு 1,800. அசல் அப்படியே நிற்கும். நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 500. பத்தே மாதத்தில் அசல் அளவு வட்டியே கட்டியிருப்பாள், அப்போதும் அசல் தீராது. பாட்டரிக் கார் பொங்கலுக்குள் உடைந்து போகும். பொங்கல் எத்தனை தூரம்? கிறிஸ்துமஸுக்கு அப்புறம் மூன்றே வாரம்! கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனாலும் வாசலில் வந்து நிற்கும் அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக் கொள்ளும் குடும்பங்கள் எத்தனையோ!

காய் பறிக்கும் கைக்கு இந்த 1,800 ரூபாய் எத்தனை முறை குனிந்து நிமிர்ந்த கூலி என்று எண்ணிப் பாருங்கள். பட்டணத்து வீடுகளில் ஆள் வந்து வட்டி கேட்பதில்லை. கடன் அட்டையும் மாதத் தவணையும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. அங்கே நோட்டுப் புத்தகம், இங்கே பிளாஸ்டிக் அட்டை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து வாரம் 50 ரூபாய் எடுத்து வையுங்கள். டிசம்பர் நடுவில் ஐம்பது வாரம் ஆகியிருக்கும். 2,500 ரூபாய் கையில் நிற்கும். மகளிர் குழுவில் சேமிப்பாகப் போடலாம். பண்டிகைச் சீட்டில் சேருவதானால் அது பதிவு பெற்ற சீட்டுதானா என்று முதலில் விசாரியுங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்ற ஒரே தைரியத்தில் பணம் கட்டி, பண்டிகைக்கு முதல் வாரம் பூட்டிய கதவைப் பார்த்து நிற்பதைப் போன்ற துயரம் வேறில்லை.

அளவு முதலில், சாமான் பிறகு

இனி சில யோசனைகள். கடைக்குப் போகுமுன் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதுங்கள். மாமா, சித்தி, சென்னையிலிருந்து ரயிலேறி வரும் அண்ணன் எல்லோரிடமும் அந்தத் தொகையைச் சொல்லி விடுங்கள். அவர்கள் ஆளுக்கொரு பொம்மை வாங்குவதை விட, எல்லோருமாகச் சேர்ந்து பிள்ளைக்கு உபயோகமான ஒன்றை வாங்கலாமே!

பிறகு ஓர் அளவுப் பாத்திரத்தைத் தீர்மானியுங்கள். காலுறைதான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு மஞ்சள் பை இருக்கிறதே, அதை விட அழகான கிறிஸ்துமஸ் பை எது? தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியதும் 2021 டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால்தான்! அதில் சின்னதாக ஒன்றை எடுத்து, ஒரு மூலையில் குழந்தையின் பெயரை நூலால் தைத்து விடுங்கள். வருஷா வருஷம் அதே பை.

அடியில் ஒரு பழம் போடுங்கள். தேனிப் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. அதற்கு மேல் கடலை மிட்டாய், ஒரு கதைப் புத்தகம், வண்ணப் பென்சில், பெண் பிள்ளையானால் ரிப்பன், பையனானால் பம்பரம். மாற்றிக் கொடுத்தாலும் மோசமில்லை. உச்சியில், குழந்தை ஆசைப்பட்டுக் கேட்ட பொருள் ஒன்றே ஒன்று. பையின் வாய் மூட வேண்டும், அதுதான் சட்டம்.

பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து விளையாட்டுச் சாமான்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சட்டைப் பொத்தான் போன்ற சிறு பாட்டரி உள்ள பொம்மைகளில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாய் வெந்து விடக் கூடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் அந்தத் தொகையைக் கையில் கொடுத்துக் கடைக்கு அழைத்துப் போங்கள். "இதற்குள் நீயே பார்த்து எடுத்துக்கொள்" என்று சொல்லுங்கள். எது வேண்டும், எதை விடலாம் என்று அந்தப் பிள்ளை படும் பாட்டைப் பாருங்கள்! எந்தப் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பாடம் கிடைக்காது.

மீதமாகும் பணத்தில் இன்னும் ஒரு சின்னப் பை தயார் செய்ய முடியுமா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தைக்கோ, எதிர் வீட்டில் தகப்பன் இல்லாத பிள்ளைக்கோ, பெயர் எழுதாமல் வாசலில் வைத்து விட்டு வந்து விடுங்கள். படம் எடுக்க வேண்டாம். மீராவின் நிக்கலஸ் செய்ததும் அதுதானே?

சென்ற வருஷம் உங்கள் பிள்ளைக்கு என்னென்ன வாங்கினீர்கள், அவற்றில் இன்று வீட்டில் எஞ்சியிருப்பது எது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், சகோதரிகளே. பிறகு எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.