ஆயிரம் அடி வாங்கிப் பிறக்கும் செம்புக் கிண்ணம்!
புனே தாம்பட் ஆளியில் ஓயாத சுத்தியல் ஓசை

புனேயில் கசபா கணபதியைக் கும்பிடப் போகும் தமிழர்களில் பெரும்பாலோர், தரிசனம் முடிந்ததும் வந்த வழியே திரும்பி விடுகிறார்கள். அந்தப் பேட்டைக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் நடந்தால் 'டங்... டங்...' என்று ஓர் ஓசை கேட்கும். ஓசை வரும் பக்கமாகவே போனால் தாம்பட் ஆளி வந்துவிடும். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

'தாம்பே' என்றால் மராத்தியில் செம்பு. 'ஆளி' என்றால் சந்து. செம்பு கொட்டுகிறவர்களின் சந்து என்பது பொருள். நம் பக்கத்து ஊர்களில் கன்னாரத் தெரு என்று இருக்கிறதே, அது மாதிரிதான்.

இங்குள்ளவர்கள் த்வஷ்டா காசார் என்னும் வகுப்பினர். கொங்கண் பகுதியிலிருந்து புனேக்கு வந்து குடியேறியவர்கள். பேஷ்வாக்கள் காலத்தில் நாணயம், பீரங்கி, கவசம், அரண்மனைப் பாத்திரம் என்று எல்லாம் இவர்கள் கையில் உருவாயின. பேஷ்வா ஆட்சி 1818-ல் போயிற்று. பீரங்கி வேலையும் போயிற்று. குடமும் அண்டாவும் மிஞ்சின.

பிறகு சோறு போட்டது 'பம்ப்'. மராட்டிய வீடுகளில் வேலை செய்தவர்களும் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், கீழே ஒரு பித்தளைத் திருகு. குளிர் காலத்தில் வீடு முழுவதும் இதில்தான் வெந்நீர் எடுத்துக் குளிக்கும். மின்சார கெய்சர் வந்ததும் பம்ப் மூலைக்குப் போனது. அடுக்களையிலோ அலுமினியமும் எவர்சில்வரும் புகுந்து செம்பை வெளியேற்றின.

குழியும் முளையும்

ஒரு கிண்ணம் செய்ய என்னென்ன வேண்டும்? பட்டியல் மிகச் சிறியது. தகடு வெட்டும் கத்தரி, ஒரு கொட்டாப்புளி, உருண்டைத் தலையுள்ள சுத்தியல் ஒன்றிரண்டு, இடுக்கி, உலை, குழி வெட்டிய மரக்கட்டை, தரையிலோ கட்டையிலோ நட்ட இரும்பு முளை. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிப் போய்விடலாம்.

முதலில் தகட்டை வட்டமாக வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிய வட்டம்? கிண்ணத்தின் வாயகலத்தோடு ஆழத்தைக் கூட்டினால் சுமாராக விடை கிடைத்துவிடும். 6 அங்குல வாய், 2 அங்குல ஆழம் என்றால் 8 அங்குல வட்டம்.

வட்டத் தகட்டை மரக்கட்டையின் குழிமேல் வைத்து, உட்புறமாகச் சுற்றிச் சுற்றி அடிக்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு அடி விழக்கூடாது. விழுந்தால் அங்கே தகடு மெலிந்து போகும். வலது கை அடிக்கும். இடது கை தகட்டை இம்மி இம்மியாகத் திருப்பும். பார்ப்பவர் கண் சுத்தியல் மேல் இருக்கும். ஆனால் வேலையின் சூட்சுமம் இடது கையில்தான் இருக்கிறது!

ஓரளவு குழிவு வந்ததும் கிண்ணத்தை இரும்பு முளைமேல் கவிழ்த்து, இப்போது வெளிப்புறமாக அடிக்க வேண்டும். அகன்ற விளிம்பு உள்ளே ஒடுங்கி மேலே எழும்புவது இந்தக் கட்டத்தில்தான். பழகாத கை என்றால் விளிம்பு அப்பளம் போல் நெளிந்துவிடும். நெளிவின்மேல் ஓங்கி அடித்தால் தகடு மடிந்துகொள்ளும். அப்புறம் அது பழைய செம்புக் கடைக்குத்தான்.

அடிக்க அடிக்கச் செம்பு முரண்டு பிடிக்கும். முதலில் மந்தமாக ஒலித்த தகடு, போகப் போகக் 'கணீர்' என்று குரல் மாறும். இறுகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் குரலை மதிக்காமல் மேலும் அடித்தால் விளிம்பில் கீறல் விழும். உடனே உலையில் வைத்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். செம்பு உருகுவது 1,085 டிகிரி சென்டிகிரேடில். அதற்கு வெகு முன்னமே எடுத்துவிட வேண்டும். பழுத்த கிண்ணத்தை அப்படியே தண்ணீரில் போட்டாலும் அது மெத்தென்று ஆகிவிடும். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும். செம்பின் குணம் வேறு. கொல்லர் பட்டறை அனுபவத்தோடு செம்புக்கு வருகிறவர்கள் முதல் நாள் திகைப்பது இங்கேதான்.

அடி, காய்ச்சு, மறுபடி அடி. ஒரு கிண்ணத்துக்கு இப்படிப் பல சுற்று. நெருப்பில் படிந்த கறுப்பைப் புளி கரைத்த நீரோ அமிலமோ போக்கிவிடும். பஞ்சாபில் அமிர்தசரசுக்கு அருகே ஜண்டியாலா குருவில் இருக்கும் தட்டேரா கைவினைஞர்களும் புளியும் மணலும் வைத்துத்தான் துலக்குகிறார்கள். அவர்களுடைய தொழிலை யுனெஸ்கோ 2014-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கடைசி வேலை 'மட்டார்'. பளபளப்பாகத் தேய்த்த முகமுள்ள சுத்தியலால் வரிசை வரிசையாக மெல்லக் கொத்துவது. கொத்து விழுந்த ஒவ்வொரு புள்ளியும் சிறு கண்ணாடி போல் மின்னும். இது வெறும் அலங்காரமல்ல. பாத்திரம் இறுகி வலுப்பெறுவதும் இதனால்தான். காய்ச்சி மெத்தென்று இருக்கும் கிண்ணத்தை அப்படியே விட்டால் கைபட்டு நசுங்கிவிடும்.

8 அங்குல வட்டத்தின் பரப்பு 50 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 20 கொத்து என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆயிற்று! உருவம் பிடிக்க விழுந்த அடிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பேரத்தில் குறைவது எது?

கிண்ணத்தின் விலையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று செம்பின் விலை. அதைச் சந்தை தீர்மானிக்கிறது. கடைக்காரர் ஒரு ரூபாய்கூட விட்டுத் தர முடியாது. மற்றது அடித்த கூலி. வாங்குகிறவர் பேரம் பேசிக் குறைப்பதெல்லாம் இந்தக் கூலியில்தான் போய் விழுகிறது. மாதச் சம்பளக்காரருக்குப் பத்து ரூபாய் குறைந்தால் திருப்தி. ஆனால் அது யார் மடியிலிருந்து போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது நல்லது.

இந்தக் கூலிக்கு இன்னொரு போட்டியும் உண்டு. அச்சில் அழுத்தியும் சுழல் எந்திரத்தில் பிடித்தும் பாத்திரம் நிமிடங்களில் வந்துவிடுகிறது. உருவத்தை எந்திரத்தில் பிடித்து, கொத்தை மட்டும் கையால் செய்வதும் உண்டு; அதைக் குறை சொல்ல முடியாது. கொத்துப் புள்ளிகளையும் அச்சிலேயே அழுத்திக் 'கைவேலை' என்று விற்பதுதான் மோசடி. கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆழம், ஒரே இடைவெளி என்றால் அது அச்சு. கையால் கொத்தியதில் வரிசை இருக்கும், ஆனால் ஒரு புள்ளி மற்றொன்றைப் போல் இராது.

நாள் முழுக்க இந்த ஓசையிலேயே இருப்பவர்களுக்குக் காது மந்தமாவது இத்தொழிலின் சாபம். தோளும் மணிக்கட்டும் தேய்கின்றன. படித்த பிள்ளைகள் ஆபீஸ் வேலைக்குப் போக விரும்பினால் அதில் ஆச்சரியம் என்ன? ஊரில் அப்பன் தொழிலை விட்டுவிட்டு ரயிலேறிய நம்மவர்கள் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது.

வாங்கியபின் ஒரு எச்சரிக்கை. வெறும் செம்பில் தண்ணீர் வைக்கலாம். மோர், ரசம், எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் வைக்கவே கூடாது. புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும், அது நஞ்சு. சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் என்று நாம் சொன்னாலும் பூசுவது வெள்ளீயம், காரீயம் அல்ல. நவச்சாரம் தூவி, புகை எழும்ப, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாத்திரத்தை வெள்ளி போல் ஆக்கித் தரும் ஆட்களை ஊர்த் தெருக்களில் பார்த்தவர்கள் உண்டு. இங்கே அவர்களைக் கலாய்வாலா என்பார்கள். பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிய ஆரம்பித்தால் மறுபடியும் பூசிக்கொள்ள வேண்டும்.

மும்பையிலிருந்து போகிறவர்கள் காலை ரயிலில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 2024 செப்டம்பர் முதல் கசபா பேட்டைக்கு நிலத்தடி மெட்ரோவும் ஓடுகிறது. ராஸ்தா பேட்டைத் தமிழர்களுக்கு அதுகூட வேண்டாம்; நடந்தே போய்விடலாம்.