எண் சொல்லும் ஊர்

தொலைபேசி மணி ஒலித்தவுடன், திரையில் தெரியும் எண்ணைக் கொண்டு அழைப்பவரின் ஊரைக் கணிப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. 966 எனத் தொடங்கினால் சவூதியிலுள்ள மகன். 60 என்றால் மலேசியாவிலுள்ள மாமா. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது?

முகவரியாக விளங்கிய எண்

தரைவழித் தொலைபேசியின் எண் ஒரு முகவரியே ஆகும். மேலூரிலிருந்து ஒருவர் தம் வீட்டுத் தொலைபேசியில் 044 என்று தொடங்கி அழைத்தால், முதலிலுள்ள பூஜ்யம், அது வெளியூர் அழைப்பு என்பதைத் தொலைபேசி நிலையத்துக்கு உணர்த்துகிறது. அடுத்துவரும் 44, செல்லவேண்டிய இடம் சென்னை என்பதைக் காட்டுகிறது. அதன்பின் உள்ள இலக்கங்களில் முற்பகுதி சென்னையின் எந்த நிலையம் என்பதையும், இறுதி நான்கும் எந்த இணைப்பு என்பதையும் தெரிவிக்கின்றன.

அருகருகே உள்ள ஊர்களின் குறியீடுகளும் உறவினர்களைப் போல் ஒத்திருக்கும். திண்டுக்கல்லுக்கு 0451, மதுரைக்கு 0452, இராமநாதபுரத்துக்கு 04567, சிவகங்கைக்கு 04575. பூஜ்யத்தை நீக்கிவிட்டு ஊர்க் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் கூட்டி எண்ணினால், எவ்வூராயினும் பத்து இலக்கங்களே வரும். சென்னையில் வீட்டு எண் எட்டு இலக்கம், மதுரையில் ஏழு, இராமநாதபுரத்தில் ஆறு. ஊர்க் குறியீடு நீள நீள, வீட்டு எண் குறுகுவதைக் காணலாம்.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், 1960-ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. வசதி தொடங்கப்பட்டது. ஊர்க் குறியீடு இன்றி இவ்வசதி இயங்காது.

ஊரை விட்டுப் பிரிந்த எண்

கைபேசி வந்தபின் நிலைமை மாறிற்று. கைபேசி, தான் இருக்கும் பகுதியை அருகிலுள்ள கோபுரத்தின் வழியாகத் தன் நிறுவனத்தின் பதிவேட்டுக்கு அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நாம் அழைக்கும்போது, அப்பதிவேட்டைப் பார்த்தே அழைப்பு அனுப்பப்படுகிறது. தமிழக எண்ணுடன் ஜித்தா சென்றுள்ள ஒருவரை அடுத்த அறையில் இருப்பவர் சாதாரண முறையில் அழைத்தாலும், அவ்வழைப்பு இந்தியா வந்து மீண்டும் ஜித்தா திரும்புவதே வழக்கம். ரோமிங் கட்டணம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011-ல் நாடெங்கும் வந்தது. 2015 ஜூலை முதல் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே, கைபேசி எண் இன்று ஆளைக் குறிக்கிறதேயன்றி ஊரைக் குறிப்பதில்லை.

எச்சரிக்கை தேவை

ஆளைக் குறிக்கும் என்பதையும் முழுமையாக நம்புவதற்கில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டே, திரையில் 91 எனத் தொடங்கும் இந்திய எண் தோன்றுமாறு செய்யும் வஞ்சகர் உளர். இத்தகைய அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. எனினும், நம் விழிப்பே முதல் காவலாகும்.

"உங்கள் மகன் விபத்தில் சிக்கியுள்ளான், உடனே பணம் அனுப்புங்கள்" என்று குரல் வந்தால் பதறாதீர்கள். அழைப்பைத் துண்டியுங்கள். மகனின் எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். கிடைக்காவிட்டால் அவனுடன் தங்கியிருப்பவரைக் கேளுங்கள். இதற்கென அவர்களின் எண்களை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

அத்தா வெளியூரிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகளில், இச்செய்தியை முதலில் அறிந்திருக்க வேண்டியவர்கள் தொலைபேசியை எடுக்கும் தாய்மார்களே.