ஸ்பிதி மலைகளின் தொல்பவளங்கள்

இமாசலப் பிரதேசத்தில், கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேலே, மரங்கள் அரிதான ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில், ஆழமற்ற கடலில் வாழ்ந்த பவளங்களின் கூடுகள் கல்லாக உறைந்திருக்கின்றன. இந்திய நிலத்தட்டின் வட விளிம்பில் கடலடியில் படிந்த இவ்வடுக்குகள், அத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதத் தொடங்கியபின் மடிந்து உயர்ந்தவை.

பவளம் என்பது இழுதுமீனுக்கு உறவான சிற்றுயிர். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுவது. ஸ்பிதியில் 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சைலூரியன் காலப் பாறைகளில் காணப்படும் ஹேலிசைட்டஸ் என்னும் இனத்தில், நீள்வட்டக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஒட்டி, குறுக்குவெட்டில் சங்கிலிபோல வளைந்து செல்கின்றன. குழாயை நெடுக்காகப் பிளந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தட்டுகள் தெரியும். உயிரி வளர வளரத் தன்னை மேலே உயர்த்திக்கொண்டு, கீழே விட்டுவந்த வெற்றிடத்தை ஒவ்வொரு தட்டாக மூடியதன் தடயம் அது.

இத்தகைய தட்டுப் பவளங்களும், பெரும்பாலும் கொம்பு வடிவில் தனித்து வளர்ந்த ருகோசா பவளங்களும், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் இறுதியில் நேர்ந்த பேரழிவோடு அடியோடு மறைந்தன. ஸ்பிதியின் சிறப்பு, அந்த அழிவுக்குப் பிந்தைய பக்கமும் அங்கேயே இருப்பதுதான்: ஹங்ராங் படிவம் எனப்படும் பிற்கால டிரையாசிக் சுண்ணாம்புக்கல்லில், இன்றைய பவளங்களின் வகையான ஸ்கிளராக்டினியாக்கள் டெதிஸ் என்னும் பழங்கடலில் எழுப்பிய சிறு திட்டுகள் உள்ளன. இவற்றின் கூடு அரகோனைட் என்னும் நிலைப்புக் குறைந்த கனிமத்தாலானது. காலப்போக்கில் அது கால்சைட்டாக மாறும்போது உள்ளமைப்பின் நுண்கோடுகள் மங்கிவிடுகின்றன. தொடக்கத்திலேயே கால்சைட்டால் கட்டப்பட்ட பழைய பவளங்களோ, வயதில் மிக மூத்தவையாயினும், பெரும்பாலும் கூடுதல் தெளிவோடு எஞ்சியிருக்கின்றன.

அந்தத் தெளிவு வானியலுக்கும் பயன்பட்டது. பவளத்தின் புறச்சுவரில் நாள்தோறும் ஒரு மெல்லிய வளர்ச்சிக்கோடு படிகிறது என்று கொண்டு, அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ், வேறிடங்களில் கிடைத்த, சைலூரியனுக்கு அடுத்த டெவோனியன் காலப் பவளங்களில் ஓராண்டு வளர்ச்சிக்கு ஏறத்தாழ 400 கோடுகள் இருப்பதை 1963இல் எண்ணிக் காட்டினார். கடல் ஓதங்களின் உராய்வால் பூமியின் சுழற்சி மெல்லத் தளர்ந்துவருவதால், அக்காலத்து நாள் சுமார் 22 மணி நேரமே நீண்டிருந்தது என்ற கணிப்புக்கு இவ்வெண்ணிக்கை நன்கு பொருந்தியது.