மகனுக்காக ஊர் மாறிய தந்தை

என் தந்தையார் மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்த வேட்டிகளுக்கு அடியில் 'என் சரித்திரம்' இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல். தில்லியில் நாங்கள் வாடகை வீடு மாறியபோதெல்லாம் எங்களுடன் வந்த பெட்டி அது. உள்ளே இந்நூல் இருந்ததை நான் அறியேன்.

அந்நூலை ஏடு தேடிய வரலாறாகவும், ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெருமையாகவும் படிப்போரே மிகுதி. நானோ இம்முறை அதில் ஒரு தந்தையைத் தேடிப் படித்தேன்.

ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர். உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாகிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணக் கதையை இசையுடன் சொல்வார். கேட்டவர்கள் மனமுவந்து அளிக்கும் நெல்லும் பணமுமே குடும்பத்தின் ஜீவனம். இவ்வாறு வாழ்பவர் ஆதரிப்போர் உள்ள ஊரை விட்டு அசைய விரும்பமாட்டார் என்றே நாம் நினைப்போம். அவரோ மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஒருவர் உண்டு என்று கேள்வியுற்றால் அங்கே குடிபெயர்வார். அரியலூரில் இருந்தார்கள், குன்னத்தில் இருந்தார்கள், கார்குடி சென்றார்கள், செங்கணம் சென்றார்கள். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சிறுவனுக்கு ஊட்டினர். ஒவ்வோர் ஊரிலும் அம்மையார் புதிதாக அடுப்பு மூட்டியிருப்பாரே, அதை யார் எண்ணுகிறார்கள்!

இத்தனைக்கும் தந்தையார் தம் மகனிடம் எதிர்பார்த்தது சங்கீதம். தமிழ் மகனுடைய வேட்கை. 1871-ஆம் ஆண்டில் மாயூரத்துக்கு அழைத்துச் சென்று, பிள்ளையவர்களிடம் தாமே அவனை ஒப்படைத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அவ்வூரில் இருந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசைப் பயிற்சியும் தொடங்கிற்று. தமிழாசிரியருக்கு அதில் உவப்பில்லை என்று தெரிந்ததும் மாணவர் இசையை நிறுத்திவிட்டார். கனம் கிருஷ்ணையரிடம் பெற்ற வித்தை தம்மோடு நின்றுவிடும் என்று அந்தத் தகப்பனாருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஆயினும் மகனைத் தமிழிலிருந்து அவர் திருப்பி அழைத்துக்கொள்ளவில்லை. நூல் முழுவதிலும் என்னை நிறுத்தி வைத்த இடம் இதுவே.

1880-இல் அம்மகன் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியரானார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது; பின்னர் நிகழ்ந்தவை தமிழுலகம் அறிந்தவை. 1940-இல் தம் எண்பத்தைந்தாம் பிராயத்தில் 'ஆனந்த விகட'னில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோதும், தகப்பனார் கைப்பிடித்து அழைத்துச் சென்ற சிற்றூர்களை அவர் மறக்கவில்லை.

என் தந்தையாருக்குச் சென்னைக்கு மாற்றல் இரு முறை வந்தது. என் தங்கையின் பரீட்சையைக் காட்டி ஒரு முறை மறுத்தார். என் பரீட்சையைக் காட்டி மறுமுறை மறுத்தார். வயலும் கோயிற்குளமும் உள்ள ஊர் அவருடையது. அங்கே போய் இருக்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை.

புத்தகத்தை மெதுவாகப் புரட்டினேன். மாயூரத்தில் மகனை விட்டுத் தந்தை பிரியும் பக்கத்தின் ஓரத்தில், அவர் கையால் இட்ட பென்சில் கோடு ஒன்று மங்கித் தெரிந்தது.